வேகத்தைப் பார்க்காதீர்கள், இடைவெளியைப் பாருங்கள்

படபடப்பு என்றதும் நாம் முதலில் கேட்பது "எவ்வளவு வேகமா அடிச்சுது?" என்றுதான். இதயத்தின் மேலறைகள் தாளம் தவறும் கோளாறான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடிக்க அந்தக் கேள்வி அதிகம் உதவாது. அது நிமிடத்துக்கு 80 துடிப்பிலும் இருக்கும், 150-லும் இருக்கும். விரலை மணிக்கட்டில் வைத்து முழுசாக ஒரு நிமிடம், துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனிப்பதுதான் உருப்படியான வேலை.

இந்தக் கோளாறில் மேலறைகள் சுருங்கி விரிவதில்லை, வெறுமனே நடுங்குகின்றன. நிமிடத்துக்கு 350 முதல் 600 மின்தூண்டல்கள் வரை கிளம்பும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே காவல் நிற்கும் ஏவி கணு, அதில் சிலவற்றை மட்டும் தாறுமாறாகக் கீழே விடுகிறது. அதனால் நாடியில் எந்த ஒழுங்கும் பிடிபடாது. சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராததால், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணினால் நாடியைவிடக் கூடுதலாக வரும்.

அதிகம் குழப்புவது எக்டோபிக் துடிப்புதான். "ஒரு துடிப்பு விட்டுப்போச்சு" என்பார்களே, அது. ஒன்று முந்திக்கொண்டு வரும், பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் ஓங்கி ஒரு அடி. மற்றபடி அடித்தளத் தாளம் கலையாது. ஆனால் அடிக்கடி வந்தால் அனுபவப்பட்ட விரலே ஏமாறும்.

கீழறைக்கு மேலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பான எஸ்விடி வேறு ரகம். ஸ்விட்ச் போட்டாற்போல் சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். பெரும்பாலும் 150-க்கு மேல், ஆனால் கடிகாரம் போல ஒரே சீர். மூச்சைப் பிடித்து முக்கினால் சில சமயம் நின்றுவிடும். ஃபிப்ரிலேஷன் அதற்கெல்லாம் அடங்காது. காய்ச்சலிலும் பயத்திலும் வரும் வேகமோ மெல்ல ஏறி மெல்ல இறங்கும்.

ஏட்ரியல் ஃப்ளட்டர், ஃபிப்ரிலேஷனின் பங்காளி. மேலறை சுமார் 300, அதில் இரண்டுக்கு ஒன்று கீழிறங்கினால் நாடி சீராக 150. விரலுக்கு இது எஸ்விடி போலவே தெரியும். இசிஜியில்தான் ரம்பப் பல் வரிசை காட்டிக்கொடுக்கும். ரத்தக்கட்டு அபாயம் இதிலும் உண்டு என்பதால், ஃப்ளட்டரையும் ஃபிப்ரிலேஷனையும் மாற்றிச் சொன்னாலும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து விஷயத்தில் பெரிய வித்தியாசம் வராது.

ஃபிப்ரிலேஷனை எக்டோபிக்கோடு குழப்பினால்தான் வினை. ஃபிப்ரிலேஷனில் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. எக்டோபிக்குக்கு மட்டுமென்று அந்த மருந்து தேவையில்லை.

கீழறையிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பான விடி பற்றி ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. வேகத்தோடு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முடிவு சொல்வது இசிஜிதான். மேலறையின் துடிப்பைக் காட்டும் பி அலை காணாமல், ஒழுங்கில்லாத இடைவெளி 30 வினாடி பதிவானால் ஃபிப்ரிலேஷன். ஸ்மார்ட்வாட்ச் ஒளியை வைத்துச் சொல்வது சந்தேகம் மட்டுமே. படபடப்பு இருக்கும்போதே இசிஜி எடுப்பது நல்லது, அடங்கியபின் எடுத்தால் சுத்தமாக நார்மல் என்றே வரலாம். உடம்பில் மாட்டிக்கொண்டே 24 மணி நேரம் இசிஜி பதியும் ஹோல்டர் கருவியிலும் சிக்காமல் நழுவினால், பல நாள் ஒட்டியிருக்கும் பேட்ச்சை டாக்டர்கள் மாட்டிவிடுவார்கள்.