காமெட்டா, 1210-ஆ? பழைய லாரியை மீட்க இறங்கும் முன்

பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டால், நம் ஊரில் கடைசியில் அது இரண்டு வண்டிகளில்தான் வந்து நிற்கும்: அசோக் லேலண்ட் காமெட், டாடா 1210. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் வளர்ந்ததே இந்த இரண்டின் முதுகில்தான். எங்கள் வீட்டில் இரண்டும் ஓடின. இப்போது மிஞ்சி நிற்பது ஒரு காமெட். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் முதன்முறையாக இதில் இறங்குகிறவருக்கு நான் காமெட்டைச் சொல்ல மாட்டேன்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள். ஆஸ்டின் கார்களைப் பாகங்களிலிருந்து பூட்டுவதற்காக 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1951-இல் எண்ணூரில் காமெட்டைப் பூட்ட ஆரம்பித்தது. 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்) 1954-இல் டெய்ம்லர்-பென்சுடன் ஒப்பந்தம் போட்டது. 15 வருட ஒப்பந்தம். 1969 வரை வந்த வண்டிகளின் முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருக்கும், அதற்குப் பிறகு டாடாவின் 'டி' (T) எழுத்து. இப்போது நட்சத்திரத்துக்குத் தனி மதிப்பு என்பதால், பின்னால் வந்த வண்டியில் அதை மாட்டி விலை சொல்கிறவர்களும் உண்டு. சேசிஸ் (அடிச்சட்ட) எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஒத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இஞ்சினுக்கு வருவோம். பெயரிலேயே இரண்டின் பிறப்பும் தெரியும். காமெட்டின் 350, 370, 400 எல்லாம் கன அங்குலக் கணக்கு. லிட்டரில் சொன்னால் 5.7, 6, 6.5 என்று வரும். டாடாவின் 692, 697 வேறு கணக்கு: 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்); 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். 697-உம் 5.7 லிட்டர்தான். அளவில் அண்ணன் தம்பி, ஆனால் ஒன்று அங்குலத்தில் பேசும், மற்றது மில்லிமீட்டரில் பேசும்.

இது வெறும் பெயர் விஷயம் என்று விட்டால் பட்டறையில் அழ வேண்டியிருக்கும். எங்கள் காமெட்டில் வாட்டர் பம்ப்பைக் கழற்றி மாட்டக் கொடுத்திருந்தேன். பழைய போல்ட் துருப்பிடித்திருந்ததால், வேலை பார்த்த தம்பி கையில் கிடைத்த 8 எம்.எம். போல்ட்டைப் போட்டிருக்கிறார். அது 5/16 அங்குல ஓட்டை. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், மரையின் (திருகுச் சுற்றின்) இடைவெளி வேறு. இரண்டு மூன்று சுற்று வெண்ணெயாக இறங்கும், அப்புறம் இறுகும். இறுகுவதைப் பார்த்து 'டைட் ஆகிவிட்டது' என்று நம்பி, ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இழுத்தால் வார்ப்பிரும்பில் மரை பொடியாக உதிரும். எங்களுக்கு அப்படித்தான் உதிர்ந்தது. ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் அடித்து, லேத்தில் கொடுத்துப் புது மரை வெட்டி முடிக்க நான்கு நாள். காமெட்டைத் தொடும் ஆளிடம் அங்குல ஸ்பேனர் செட்டும் மரை அளக்கும் கேஜும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள். 1210-இல் இந்தத் தலைவலியே இல்லை. இன்றைய எந்தப் பட்டறையிலும் இருக்கும் ஸ்பேனர் போதும்.

பாகங்களிலும் டாடாவே முந்துகிறது. 697 இஞ்சின் பின்னாளில் வந்த டாடா 1613 லாரி வரை தொடர்ந்து ஓடியதால் பிஸ்டன், லைனர், பேரிங், கேஸ்கெட் எல்லாம் கடையில் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். காமெட்டுக்குத் தேட வேண்டும். ஆனால் எங்கே தேடுவது என்று தெரிந்தால் அவ்வளவு கடினமில்லை. லேலண்ட் இஞ்சின்கள் லாரியோடு நிற்கவில்லை. ஜெனரேட்டர், படகு என்று பல இடத்துக்குப் போயின. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருந்த பழைய ஆட்களிடம் விசாரித்தால் எந்தக் கொட்டகையில் எந்த இஞ்சின் கிடக்கிறது என்று சொல்வார்கள். 1950-களின் நட்சத்திர வண்டியைத் தனியாக வையுங்கள். அதன் இஞ்சின் 4.6 லிட்டர், 90 எம்.எம். போர். 697 பாகத்தை வைத்து அதைச் சமாளிக்க முடியாது.

இனி கேபின். என் மனசு காமெட் பக்கம் போவது இங்கேதான். 1210-இன் மூக்கும் முகப்பும் கம்பெனியில் அச்சில் அடித்த தகடு. டிங்கர் ஒருவர், பழைய படம் ஒன்று, நெளிவு எடுக்கப் பொறுமை, இவ்வளவு போதும். காமெட்டோ பெரும்பாலும் சேசிஸாகத்தான் வந்தது. கேபினும் பாடியும் நம் ஊர் ஆசாரிகள் மரச்சட்டம் கோத்து, தகடு அடித்துக் கட்டியவை. ஒரு பட்டறையில் கட்டிய கேபின் மாதிரி இன்னொரு பட்டறையில் கட்டியது இருக்காது. அப்படியென்றால் 'ஒரிஜினல்' எது? அந்த வண்டியை அன்று கட்டிய கை எப்படிக் கட்டியதோ, அதுதான். அதனால் கேபின் மரம் உளுத்துவிட்டது என்று ஒரே நாளில் பிய்த்துக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து, பொருத்து எப்படி வெட்டியிருக்கிறது என்று படம் எடுத்து, பழைய துண்டையே அச்சாக வைத்துப் புதியதை அறுக்கச் சொல்லுங்கள். கதவு மேல்சட்டத்தின் வளைவை எங்கள் ஆசாரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது இழைப்புளியில் வரல, வாச்சியில் செதுக்கினது" என்றார். அந்த வளைவை அவரும் வாச்சியாலேயே செதுக்கினார். இரும்புக் குழாயில் சட்டம் போட்டிருந்தால் செலவு பாதியாகியிருக்கும். அப்படிச் செய்தால் மீட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பல காமெட்டுகளில் பழைய இஞ்சினை எடுத்துவிட்டுப் பின்னாளில் ஜப்பான் வடிவமைப்பான ஹினோ இஞ்சினைப் போட்டிருப்பார்கள். லோடு அடித்துப் பிழைத்த காலத்தில் அது நியாயம். வைத்துக்கொள்ளும் வண்டிக்கு 370-ஐத் தேடிப் போடுவதுதான் சரி.

பிரேக்கில் மட்டும் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பழைய காமெட்டில் வேக்குவம் சர்வோ, அதாவது வெற்றிடத்தின் இழுப்பு பிரேக் மிதிக்கு உதவும். 1210-இல் ஏர் உதவியோடு ஹைட்ராலிக். இரண்டிலும் வீல் சிலிண்டர், ஹோஸ், லைனிங் எல்லாம் புதிதாக வேண்டும். டயர் 9.00-20. வளையம் மாட்டும் ரிம் என்பதால், துருப்பிடித்த ரிங்கை அப்படியே வைத்துக் காற்று அடித்தால் ரிங் தெறித்து உயிரை எடுக்கும். பாதுகாப்புக் கூண்டு வைத்திருக்கும் கடையில் மட்டும் காற்று அடியுங்கள்.

ஓட்டாமல் நிறுத்தும் காலத்துக்கு இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். டேங்கை நிரப்பியே வையுங்கள், காலி டேங்கில் ஈரம் சேரும். மாதம் ஒருமுறை நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதைவிட, சூடு ஏறும்வரை 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருவது நல்லது. 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.தான். டீசல் பம்ப்பில் பழைய ரப்பர் சீல் இருந்தால் இந்த டீசலில் சுருங்கிக் கசியலாம். பம்ப்பைப் பிரிக்கும்போதே சீலை மாற்றிவிடுங்கள்.

எந்த வண்டியானாலும் கடைசியில் ஒரே சுவரில்தான் முட்டுவீர்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த பழம்பெரும் வாகன விதி, 50 வயது தாண்டிய இரு சக்கர வண்டிக்கும் சொந்த உபயோக நான்கு சக்கர வண்டிக்கும்தான். 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடத்துக்குத் தனி எண் கிடைக்கும். சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. ஒரு ஆஸ்டின் காருக்குக் கிடைக்கும் மரியாதை, அதே எண்ணூரிலிருந்து வந்து நாட்டுக்கே அரிசியும் சிமென்ட்டும் சுமந்த காமெட்டுக்குக் கிடையாது. இது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். நாமக்கல் லாரிக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டிய திருத்தம் இது. அதுவரை வருடா வருடம் எப்.சி. (தகுதிச் சான்று) காட்டியாக வேண்டும். அதனால் வாங்கும்போதே ஆர்.சி. உயிரோடு இருக்கும் வண்டியாகப் பாருங்கள். 1210 ஆர்.சி.யோடும் காமெட் ஆர்.சி. இல்லாமலும் கிடைத்தால், நான்கூட 1210-ஐத்தான் ஓட்டிக்கொண்டு வருவேன்.