1,120 வெள்ளி போய்விட்டது: தைப்பிங் ஏரி சைக்கிள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆறிவிட்டால் எழுதமாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் சுங்கை சிப்புட். எங்கள் தாமானில் பாதிக் குடும்பங்கள் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கைப்பேசியே கதி என்று கிடக்கிறார்கள், எங்காவது கூட்டிப் போவோம் என்று நாலு அம்மாக்கள் பேசினோம். 16 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு புலனக் குழுவில் விளம்பரம் வந்தது. தைப்பிங் ஏரிப் பூங்காவைச் சுற்றி சைக்கிள் பயணம், நடுநடுவே இறங்கிப் பார்க்க இடங்கள், தலைக்கு 70 வெள்ளி. சைக்கிள், தலைக்கவசம், வழிகாட்டி, பெயர் போட்ட டி-சட்டை, பசியாற நாசி லெமாக் எல்லாம் அதில் அடக்கம். 16 பேருக்கு 1,120 வெள்ளி.

நான் உடனே கட்டவில்லை. போன் பண்ணிப் பேசினேன். எடுத்தவர் நல்ல தமிழில், "அக்கா, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். எங்கம்மா பால் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார்" என்றார். எத்தனை பிள்ளைக்கு ஓட்டத் தெரியாது என்று கேட்டார். சின்னவர்கள் இரண்டு பேருக்குப் பக்கச் சக்கரம் வைத்த சைக்கிள் கொண்டு வருகிறேன் என்றார். ஒவ்வொரு பிள்ளையின் சட்டை அளவையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஏமாற்ற வந்தவன் பிள்ளைகளின் சட்டை அளவைக் கேட்பான் என்று யாருக்குத் தோன்றும்?

விஷயமும் தெரிந்தவர் மாதிரிதான் பேசினார். அந்த ஏரிகள் ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகள், 1880இல்தான் பூங்காவாக மாற்றினார்கள் என்றார். தூங்குமூஞ்சி மரங்கள் கிளையைத் தண்ணீர் வரை சாய்த்து நிற்கிற பாதையில் முதல் நிறுத்தம், அடுத்து போர்க்கல்லறை, கடைசியாக 1883இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகம் என்று வரிசையாகச் சொன்னார். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடிய முதல் ரயிலைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாராம்.

போர்க்கல்லறை என்றதும் என் தாத்தாவின் அண்ணன் ஞாபகம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அவருக்குக் கல்லறை எங்கும் இல்லை. இதை நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அங்கே இந்தியச் சிப்பாய்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் அக்கா. பிள்ளைகளை அந்தப் பெயர்களை வாசிக்கச் சொல்வோம். பெரியப்பா தாத்தாவை நினைத்து நீங்கள் ஒரு பூ வையுங்கள்" என்றார். அன்று இரவே பணத்தை அனுப்பினேன். சட்டை அச்சடிக்க வேண்டும், முழுத்தொகையும் இன்றே வேண்டும் என்றதையும் கேள்வி கேட்கவில்லை. கணக்கில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. "மாமா மகன் கணக்கு அக்கா" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அந்த 1,120 வெள்ளி என் ஒருத்தி பணம் இல்லை. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா இரண்டு பிள்ளைகளுக்கு 140 வெள்ளியைப் பத்தும் ஐந்துமாக எண்ணிக் கொடுத்தார்.

சனிக்கிழமை வேன் பிடித்து எட்டரைக்கெல்லாம் ஏரிக்கரையில் நின்றோம். நல்ல வெயில். யாரும் இல்லை. ஒன்பதுக்கு, "வழியில் இருக்கிறேன் அக்கா, பத்து நிமிடம்." ஒன்பதே முக்காலுக்கு போன் அடைத்துக் கிடந்தது. அங்கே சைக்கிள் வாடகைக்கு விடுகிற பெரியவரிடம் போய்க் கேட்டேன். அப்படி ஒரு முன்பதிவும் இல்லையம்மா, போன மாதமும் ஒரு குடும்பம் இதே மாதிரி வந்து நின்றது என்றார். அந்த இடத்தில் எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று வந்து, "என் பேர் போட்ட சட்டை எங்கே அத்தை?" என்று கேட்டது. என்ன சொல்ல?

கையில் இருந்த காசுக்கு ஆறு சைக்கிள் எடுத்து, பிள்ளைகள் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். மதியம் மழை பிடித்துக்கொண்டது. கல்லறைக்குப் போகவே இல்லை. காலையில் நான் வாங்கிய பூ வேனிலேயே வாடிக் கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது. சனி இரவு ஒரு செய்தி: "மழை காரணமாகப் பயணம் ரத்து, முன்பே தெரிவித்தோம்." எந்த மழை? நாங்கள் நின்றது வெயிலில். தைப்பிங்கில் மழை அதிகம் என்பது ஊருக்கே தெரியும், அதனால் அதைச் சொன்னால் நம்பிவிடுவோம் என்ற நினைப்பு. ஞாயிறு: "14 வேலை நாளில் பணம் வரும்." திங்கள் காலை: "கணக்கு பார்ப்பவர் விடுமுறை, மேடம்." அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். மதியம், பணத்தைத் திருப்பி அனுப்ப 50 வெள்ளி கட்ட வேண்டும் என்றார்! பிள்ளைகள் பணம் 1,120 வெள்ளியைத் தின்றது போதாதா என்று கேட்டேன். என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

போலீசில் புகார் கொடுத்தாயிற்று. பண மோசடிக்கு உடனே அழைக்க வேண்டிய எண்ணான 997க்கும் அழைத்தேன், ஆனால் பணம் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு போன் எண்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. தனிஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்புமுன் அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றுலா நடத்துகிறவரிடம் உரிம எண் கேளுங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே 997, என்னைப் போல் அவன் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஏரிக்குப் போனால் சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

எங்கள் தாமான் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. செம்பனைத் தோட்டத்து அக்காவின் 140 வெள்ளியை இந்த வெள்ளிக்கிழமை என் கைப்பணத்திலிருந்து கொடுத்துவிடுகிறேன். மற்றவர்கள் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.