ஆர்எக்ஸ் 100 இன்ஜின் போய்விட்டால்: சொந்தத்தையே கட்டுவதா, வேறு வாங்குவதா, 135 ஏற்றுவதா?

யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக் ஆர்எக்ஸ் 100 சீஸ் ஆன (பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்து இன்ஜின் நின்ற) செய்தி தெருவுக்குத் தெரிந்ததுமே யோசனைகளும் வந்து சேர்ந்துவிடும். "புதுப்பேட்டைல ஃபுல் இன்ஜினே கிடைக்கும்ணா, சாயங்காலம் வண்டி ரெடி" என்று சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையைக் காட்டுவார் ஒருவர். "அதுக்கு 135 ஏத்திடலாமே, வண்டி பறக்கும்" என்று ஆர்எக்ஸ் 135-இன் பெரிய இன்ஜினைச் சொல்வார் இன்னொருவர். பழைய இன்ஜினையே பிரித்து, போரிங் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து) கட்டலாம் என்று சொல்பவர் பெரும்பாலும் வயதான மெக்கானிக்காக இருப்பார். அவர் பேச்சு யார் காதிலும் ஏறாது.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இந்த வண்டியைத் தினமும் வேலைக்கு எடுத்துப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1985-இல் வந்து 1996-இல் தயாரிப்பு நின்ற வண்டி. தப்பான முடிவு எடுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய ஷோரூம் கிடையாது. அதனால் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிராங்க்கேஸ், அதாவது கிராங்கும் கியரும் உட்காரும் கீழ்ப்பக்க உலோகக் கூடு, முழுசாக இருக்கும்வரை சொந்த இன்ஜின்தான்.

காரணம், இன்ஜின் நம்பர் அடித்திருப்பது கிராங்க்கேஸில். பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), பிஸ்டன், கிராங்க், கிளட்ச் பிளேட், கியர் எல்லாமே உதிரிபாகம்தான். எதை மாற்றினாலும் வண்டி காகிதப்படி அதே வண்டி. கேஸை மாற்றினால் வேறு இன்ஜின். இந்த வயசு வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. செங்குன்றமோ தண்டையார்பேட்டையோ, எந்த ஆர்டிஓ அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலில் பார்ப்பது இரண்டு நம்பர்களைத்தான். சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள், அப்புறம் குனிந்து இன்ஜின் நம்பரைப் படிப்பார்கள். அங்கே ஆர்.சி.யில் இல்லாத நம்பர் இருந்தால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சொந்த இன்ஜினைக் கட்டுவது

இதில் செலவை விட அலைச்சல்தான் அதிகம். மெக்கானிக் ஓரிடம், லேத் ஓரிடம், கிராங்க் பிரஸ் அடிக்கிறவர் வேறிடம். ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது முழுசாகத் தெரிகிற வழி இது ஒன்றுதான்.

பிளாக்கைக் கழற்றியதும் பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஏன் பிடித்தது என்பது அதிலேயே எழுதியிருக்கும். சைலன்சர் பக்கம் மட்டும் நீளக் கீறல் என்றால் பெரும்பாலும் சூடு. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையில் ஓடியிருக்கிறது. கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற ரப்பர் வெடித்திருக்கலாம். மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்றை உறிஞ்சியிருக்கலாம். சுற்றிலும் வறண்டு உரசியிருந்தால் 2டி ஆயில் (பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து பிஸ்டனை வழுக்க வைக்கும் ஆயில்) பம்ப் மேல் சந்தேகம் வர வேண்டும். எதிர்ப் பக்கம், அதாவது கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே போய் வெள்ளைப் புகை ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்திருக்கும். இந்தக் காரணத்தைப் பிடிக்காமல் புது பிஸ்டன் போடுவது வீண் செலவு. அடுத்த மாதமே அதுவும் பிடிக்கும்.

போரிங் விஷயத்தில் ஒரு வரிசை இருக்கிறது. இந்த இன்ஜினின் போர் (சிலிண்டர் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. ஓவர்சைஸ் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் படிகளில் வரும்: 0.25, 0.50, 0.75, 1.00. முதலில் பிஸ்டனை வாங்க வேண்டும். அந்தப் பிஸ்டனையே லேத்தில் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகு பிளாக்கைக் கடைய வேண்டும். "சைஸ் சொல்லுங்க போதும், கடைஞ்சு வைக்கிறேன்" என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். ஒரே அளவு போட்ட இரண்டு பெட்டியிலும் பிஸ்டன் மயிரிழை வித்தியாசத்தில் இருக்கும். இங்கே கணக்கே அந்த மயிரிழைதான். கடைந்து ஹோனிங் போட்டு (உள்சுவரை மெருகேற்றி) வந்ததும் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி வெட்டினால் முனையை மழுக்கவில்லை என்று அர்த்தம். ரிங் அதில் மாட்டி உடையும். அப்படியே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்க வேண்டும்.

பிளாக் கடைசி ஓவர்சைஸையும் தாண்டிவிட்டால் உள்ளே ஸ்லீவ் (புது உறை) அடித்துத் திரும்ப 50-க்கே கொண்டுவரலாம். கிராங்கில் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். துளி ஆட்டம் இருந்தாலும் ராடு கிட் மாற்றித்தான் ஆக வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரஸ் அடித்த கிராங்கை வி பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்துச் சுற்றி, கோணல் இல்லை என்று டயல் கேஜில் காட்டிக் கொடுப்பவரிடமே வேலையைக் கொடுங்கள். சுத்தியலால் தட்டி, கண்ணால் பார்த்து "ட்ரூ ஆயிடுச்சு" என்று தருகிற கிராங்க் ஹேண்டில்பாரில் நடுக்கமாகத் தெரியும், பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும்.

இன்னொரு 100 இன்ஜின்

இதில் வேகம் இருக்கிறது. கழற்றி மாட்ட ஒரு நாள் போதும், வயரிங்கில் கை வைக்க வேண்டாம். விற்பவர் கடை வாசலிலேயே மாட்டிக் காட்டுவார்: "ஒரே கிக் தம்பி, சத்தத்தைக் கேளு." சத்தம் உண்மையாகவே நன்றாக இருக்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பாதி தேய்ந்த பிக் எண்ட் பேரிங்கும் (கனெக்டிங் ராடு கிராங்கில் மாட்டும் இடம்), கெட்டியான ஆயில் ஊற்றி மறைத்த கியரும் அரை மணி நேரத்துக்கு அமைதியாகத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க விடாதவரிடம் வாங்கினால், வாங்கிய இன்ஜினுக்கும் மேலே சொன்ன எல்லா வேலையும் செய்கிற நிலைமை வரலாம். அப்போது செலவு இரட்டிப்பு.

நம் பக்கத்துக்கென்றே ஒரு ஆபத்து உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னைத் தெருக்களில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் அந்த வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் இருக்கிற அறைக்கு சைலன்சர் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் தண்ணீர் போக வழி இருக்கிறது. வெளியே பெயின்ட் அடித்து பளபளவென்று நிற்கிற இன்ஜினுக்குள் மெயின் பேரிங் துருவேறிக் கிடக்கலாம். மேக்னெட் கவரைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே வெளிர் உப்புப் படிவமோ, மண் கோடோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அப்புறம் நம்பர். 100-இன் நம்பர் 1எல்1 என்று தொடங்கும். எழுத்துகளைச் சுற்றி உலோகம் தேய்த்தது போலவோ, அடித்த ஆழம் ஒன்றுக்கொன்று மாறியோ இருந்தால் தொடாதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் மாட்டிக்கொள்வது கடைசியாக வாங்கியவர். பில், பழைய உரிமையாளரின் ஆர்.சி. நகல் இரண்டும் கையில் வந்த பிறகுதான் பணம். வாங்கியதை மாட்டும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுதி அனுமதி வாங்கி, மாட்டியதும் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதே கம்பெனி, அதே சிசி என்பதால் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது. பெரும்பாலானோர் கேட்பதில்லை, வண்டியை விற்கும் நாளில் தவிக்கிறார்கள்.

135

ஆசை யாருக்கும் வரும். 100-இல் 98 சிசி, 11 குதிரைத்திறன், நாலு கியர். 135-இல் 132 சிசி. ஐந்து கியர் மாடல் என்றால் 14 குதிரைத்திறன். ஸ்ட்ரோக் இரண்டிலும் 50 மில்லிமீட்டர்தான், போர் மட்டும் 58. ஃபிரேமில் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்கார்ந்துவிடும். பொறி தருவதற்கு 100-இல் திறந்து மூடும் பிளாட்டின பாயிண்ட், 135-இல் சிடிஐ என்கிற எலெக்ட்ரானிக் பெட்டி என்பதால் இக்னிஷன் வயரிங்கை மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் முதல் சிக்னலிலேயே தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியர் பெரிய நிம்மதி. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆர்.சி.யில் 98 சிசி என்று இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும் சேர்த்து. அதையும் விட எனக்குக் கவலை இன்சூரன்ஸ். கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டுகிற ஊர் இது. விபத்து என்று வந்து சர்வேயர் வேறு இன்ஜினைப் பார்த்தால் க்ளெய்ம் சிக்கலாகும், சுமை குடும்பத்தின் தலையில் விழும். முன்னால் இருப்பதோ அதே பழைய டிரம் பிரேக்.

கேஸை 100-ஆகவே வைத்துக்கொண்டு 135 பிளாக்கை மட்டும் உட்கார வைக்கும் வேலையும் நடக்கிறது. அதற்குக் கேஸ் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும். நம்பர் இருக்கிற ஒரே பாகத்தைத் திரும்ப முடியாதபடி வெட்டுகிற வேலை அது. வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் 135 யாருக்கு? ஆர்.சி.யிலேயே 135 என்று இருக்கிற வண்டியைத் தனியாகப் பார்த்து வாங்குகிறவருக்கு. இன்னொரு 100 இன்ஜின் யாருக்கு? கேஸில் பேரிங் உட்காரும் இடமே விரிசல் விட்டவருக்கு. வெளியே இன்ஜினை ஃபிரேமோடு பூட்டுகிற காது உடைந்திருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் காப்பாற்றலாம், அதற்காகக் கேஸைத் தூக்கிப் போட வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் கடைசி வேலை ஒன்று பாக்கி இருக்கும். பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்புரேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல; பழைய ஜெட்டிலேயே (பெட்ரோல் பாயும் துளை அளவு) ஓட்டினால் கலவையில் காற்று கூடி, சூடும் கூடும். ஓடவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள், பழுப்பு நிறம் வந்தால் சரி. ரன்னிங் இன் (புதுப் பிஸ்டனும் ரிங்கும் பழகும் காலம்) முடியும்வரை பம்ப் போடுகிற ஆயிலை மட்டும் நம்பாமல் டேங்கிலும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்துகொள்ளுங்கள். மாதவரம் ரவுண்டானா, மணலி சாலை மாதிரி நின்று நின்று நகரும் இடங்களுக்கு அந்த நாட்களில் வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.