முதல் குண்டு எங்கே விழுகிறது: விலை குறைந்த ரைபிளோடு ஆறு வருடம்

எங்கள் ஆட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு குறிக் காகிதம் ஆணியில் தொங்குகிறது. நடுவில் 39 ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஓரம் வரை பென்சிலில் ஒரு கோடு, கோட்டின் முனையில் ஒரு தேதி. மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையோ அதைக் கழற்றிக்கொண்டுபோய் 100 யார்டு தள்ளி நட்டுவைப்பேன். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ரைபிளால் ஒரே ஒரு குண்டு. ஓட்டைக்குத் தேதி போட்டு, காகிதத்தைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவேன். அன்றைக்கு இரண்டாவது குண்டு கிடையாது.

ஆட்டுக்குட்டிகளைப் பிடிக்கும், நரி மாதிரியான கொயோட்டியைச் சுட மலிவாக, கைப்பிடியை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வாங்க வேண்டும், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தக் காகிதத்தைத்தான்.

நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், ஆஸ்டினுக்கு வடமேற்கே லாம்பாசஸ் பக்கம். நாற்பது ஏக்கர், அதில் பாதி கல்லும் மெஸ்கீட் முள்ளும். மெஸ்கீட் வேறு யாருமில்லை, நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட தம்பி. இவ்வளவு தூரம் வந்தும் அதையே வெட்டிக்கொண்டிருக்கிறேன். 2019 பிப்ரவரியில் எங்கள் போயர் ஆடுகள் முதல் ஈற்றுப் போட்டபோது ஒரே வாரத்தில் மூன்று குட்டிகள் போயின. பக்கத்துப் பண்ணைக்காரர், எழுபது தாண்டியவர், வந்து ஒரு குட்டியின் கழுத்துத் தோலைக் கத்தியால் விலக்கிக் காட்டினார். தொண்டைக்கு அடியில் நான்கு பல் பதிவு, சுற்றிலும் ரத்தம் கட்டியிருந்தது. நாய் என்றால் பின்னங்காலையும் தொடையையும் கண்டபடி கிழித்திருக்கும், கொயோட்டிதான் இப்படித் தொண்டையைப் பிடித்து மூச்சை அடைக்கும் என்றார். ரத்தம் கட்டாமல் இருந்தால் குட்டி ஏற்கெனவே செத்த பிறகு தின்ன வந்தது என்று அர்த்தம், அதற்குக் கொயோட்டியைக் குறை சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அந்த வருடம் அக்டோபரில் ரைபிள் வாங்கினேன். மொத்தம் 800 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று வீட்டில் தீர்ப்பு. “ஏங்க, மூணு குட்டியோட விலையே அவ்வளவு இல்லையே” என்று கேட்டார் மனைவி. நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

கடையில் நான்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: சாவேஜ் ஆக்ஸிஸ் 2, மாஸ்பெர்க் பேட்ரியட், தாம்ப்சன் சென்டர் காம்பஸ், ரூகர் அமெரிக்கன் பிரடேட்டர். எல்லாம் அப்போது நானூறு டாலரை ஒட்டி வந்த சாமான்கள். இவ்வளவு குறைந்த விலையில் குறி தவறாத துப்பாக்கி எப்படி வருகிறது என்பதற்குப் பின்னால் ஒரு சின்ன நட்டு இருக்கிறது. 1958-இல் வந்த சாவேஜ் 110 ரைபிளில், பேரலை, அதாவது குழலை, போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவருக்குள் திருகி, சரியான அளவில் நிறுத்தி, வெளியிலிருந்து ஒரு நட்டால் இறுக்கிவிட்டார்கள். கைதேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு பேரலையும் மயிரிழை அளவுக்குக் கடைந்து பொருத்தும் வேலை மிச்சம். அதோடு தோளில் தாங்கும் கட்டையை வார்ப்புப் பிளாஸ்டிக்கில் செய்வதையும் பாலிஷ் போடாத கறுப்புப் பூச்சையும் சேர்த்தால் விலை பாதியாகிவிடுகிறது. மிச்சம் பிடித்தது அழகில்தான், பேரலில் இல்லை.

நான் எடுத்தது ரூகர், .223 ரெமிங்டன் என்ற தோட்டாவைச் சுடுவது. 22 அங்குலப் பேரல், எடை ஆறரைப் பவுண்டு, அதாவது மூன்று கிலோ. போல்ட்டை 70 டிகிரி தூக்கினால் போதும் என்பதால் மேலே மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கைப்பிடி இடிக்காது. தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி கட்டைவிரலுக்கு நேர் கீழே, கட்டையின் மேல்முதுகில் இருக்கிறது. டிரிகரை எவ்வளவு அழுத்தி இழுக்க வேண்டும் என்பதை மூன்றிலிருந்து ஐந்து பவுண்டு வரை நாமே திருகி வைத்துக்கொள்ளலாம். நான் மூன்றரையில் வைத்தேன், இன்றுவரை தொடவில்லை. மற்ற மூன்றில் எதை எடுத்திருந்தாலும் என் காகிதம் பெரிதாக மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். கட்டையைத் தோளில் வைத்ததும் கன்னம் எங்கே உட்கார்ந்தது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

எந்தத் தோட்டா என்பதற்கு ஊரில் நடக்கும் சண்டைக்கு அளவே இல்லை. .22-250 வேகமானது, 55 கிரெய்ன் (குண்டின் எடைக் கணக்கு) குண்டை வினாடிக்கு 3,600 அடிக்கு மேல் தள்ளும், .223-ஐவிட நானூறு அடி அதிகம். ஆனால் பேரல் சீக்கிரம் தேயும், தோட்டா விலையும் அதிகம். .243 மானுக்கும் ஆகும், உதை கொஞ்சம் கூடுதல். எங்கள் நிலத்தில் 250 யார்டுக்கு மேல் பார்வையே போகாது, எல்லாம் முள். அந்தத் தூரத்துக்கு .223 தாராளம். 200 யார்டில் சரியாக விழும்படி ஸ்கோப்பை வைத்தால் 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே போகும், 300-இல் ஏழெட்டு அங்குலம் இறங்கும். கொயோட்டி பார்க்கத்தான் பெரிது, மயிரை நீக்கினால் பன்னிரண்டு பதினைந்து கிலோதான், மார்பில் அடிபட வேண்டிய இடம் ஒரு சின்னத் தேங்காய் அளவு. அதற்குள் குண்டு விழுந்தால் போதும்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். முதல் ஏழு ஓட்டைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். ரைபிளுக்கு 430 டாலர் கொடுத்துவிட்டு, ஸ்கோப்புக்குக் கஞ்சத்தனம் பிடித்து எழுபது டாலரில் ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து தொடர்ந்து ஐந்து சுட்டால் ஐந்தும் அழகாக ஒட்டிக்கொண்டு விழும். இரண்டு வாரம் கழித்து, டிரக்கில் கல் ரோட்டில் போய் வந்த பிறகு முதல் குண்டு மூன்று அங்குலம் இடது பக்கம். அடுத்த முறை இரண்டு அங்குலம் கீழே. தொடர்ந்து ஐந்து சுட்டுப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஒவ்வொரு தடவையும் ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கொயோட்டி ஐந்து குண்டு வரை நிற்காது. ஆறிப்போன பேரலிலிருந்து வரும் அந்த முதல் குண்டுதான் கணக்கு. ரைபிளைத் திட்டிக்கொண்டிருந்த என்னைப் பக்கத்துப் பண்ணைக்காரர்தான் இந்தக் காகிதம் தொங்கவிடச் சொன்னார். கூடவே, ஸ்கோப் வளையங்களின் திருகைக் கைக்கணக்கில் இறுக்கியிருந்ததையும் கண்டுபிடித்துச் சிரித்தார்.

மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும் லூப்போல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் ஸ்கோப் ஒன்று வாங்கி, அளவு காட்டும் திருப்புளியால் இறுக்கினேன். பட்ஜெட் ஐம்பது டாலர் எகிறியது. அதற்குப் பிறகு விழுந்த 32 ஓட்டைகளையும் ஓர் எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம். ஆறு வருட வெயில், பனி, டிரக் குலுக்கல் எல்லாம் சேர்த்து.

தோட்டா விஷயத்தில் ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு நாக்கு உண்டு. நூறு நூறாகக் கிடைக்கும் மலிவான, முழுக்கச் செம்பு போர்த்திய குண்டு என்னுடையதில் இரண்டு அங்குலம் பரவுகிறது. அதே இடத்தில் ஹார்னடி கம்பெனியின் 53 கிரெய்ன் வி-மேக்ஸ் குண்டு முக்கால் அங்குலத்துக்குள் நிற்கிறது. செம்பு போர்த்தியதை வேட்டைக்கு எடுக்கவும் கூடாது. துளைத்துக்கொண்டு போய்விடும், அடிபட்ட விலங்கு எங்கோ போய்த் துடித்துச் சாகும். ஐந்து வகையில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்த நேரம் 2020. முப்பது சென்ட்டுக்குக் கிடைத்த சாதாரண .223 தோட்டாவே ஒரு டாலரை ஒட்டிப் போன காலம். ஒரு குண்டுப் பழக்கம் அப்போதுதான் உண்மையிலேயே பழக்கமானது.

வேட்டை என்பது பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதுதான். ஜனவரியில், விடிவதற்கு முன்னால், காற்று குறுக்கே வீசும் இடமாகப் பார்த்து ஜூனிப்பர் புதருக்கு முதுகைக் கொடுத்து உட்காருவேன். முயல் அலறலைப் போடும் பெட்டி ஐம்பது யார்டு தள்ளி இருக்கும். கொயோட்டி நேராக வராது, சுற்றிக்கொண்டு காற்றுக்குக் கீழ்ப்பக்கம் போய் மோந்து பார்க்கும். முதல் வருடம் ஒன்று அறுபது யார்டில் வந்து நின்றது. மூச்சு விட்டால் கேட்கும் தூரம். சேஃப்டியைக் கட்டைவிரலால் சட்டென்று தள்ளினேன். ‘டக்’. அவ்வளவுதான், அது நின்ற இடத்தில் வெறும் புல். இப்போது கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் பக்கத்தில் அணைகொடுத்து, மெதுவாக நகர்த்துகிறேன், சத்தமே வராது. வீட்டில் காலித் துப்பாக்கியோடு டிவி பார்த்துக்கொண்டே நூறு தடவை பழகினேன். குழந்தைகள் தூங்கிய பிறகுதான். மற்ற நேரமெல்லாம் ரைபிள் இரும்புப் பெட்டிக்குள், சாவி என் கழுத்தில்.

2021 பிப்ரவரியில் டெக்ஸாஸே உறைந்து, கரண்ட் போன அந்த வாரத்தில் ஒரு பாடம். ராத்திரி மைனஸ் பத்துக்குக் கீழே. கொட்டகை ஓரம் கண்ணெதிரே கொயோட்டி, டிரிகரை இழுத்தால் ‘தொப்’ என்று ஒரு மந்தமான சத்தம், குண்டு வெடிக்கவில்லை. தப்பு என்னுடையது. பாசம் மிகுந்து போல்ட்டுக்கு உள்ளே, ஊசியைச் சுற்றிலும் எண்ணெய் ஊற்றிவைத்திருந்தேன், குளிரில் அது கெட்டியாகி ஊசி தோட்டாவை மெதுவாகத் தட்டியிருக்கிறது. பிறகு அந்தப் பனிக்கட்டி ரைபிளை அப்படியே அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்து சாத்திவைத்தேன். இரண்டு நிமிடத்தில் அதன் உடம்பெல்லாம் வியர்த்தது. போல்ட் கைப்பிடியின் அடியில் இருக்கும் ஐந்து பைசா அளவு துரு அன்றைய நினைவு. இப்போது உள்ளே எண்ணெய் பேருக்குத்தான், குளிரிலிருந்து வந்தால் துப்பாக்கி உறையோடு வெளித் திண்ணையிலேயே கிடக்கும்.

குறை என்று பார்த்தால், இந்த விலையில் வரும் பிளாஸ்டிக் கட்டைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: முன்பகுதி வளையும். ரைபிளின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் காலான முன்காலியை மாட்டி அழுத்தினால் கட்டை பேரலைத் தொட்டுவிடும், குண்டு விலகும். நான் முன்காலி போடுவதில்லை, மூன்று கம்புகளைக் கட்டிய தாங்கியில் சாய்த்துச் சுடுகிறேன். எடை குறைவு என்பது நடக்கும்போது வரம், மூச்சு வாங்கும்போது சாபம். பேரல் முனையில் மரை இருப்பதால் பிற்பாடு சத்தம் குறைக்கும் குழாய் ஒன்று மாட்டினேன். அன்று 200 டாலர் வரி கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தேன். 2026 ஜனவரியிலிருந்து அந்த வரி இல்லை என்று ஆகிவிட்டது, வயிற்றெரிச்சல்தான்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கிரீன் கார்டு இருந்தால் வாங்கத் தடையில்லை. எச்1பி போன்ற விசாவில் இருந்தால் பொதுவாகக் கூடாது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் 4473 படிவத்தைப் பொய்யில்லாமல் நிரப்புங்கள். டெக்ஸாஸில் கொயோட்டிக்குத் தனிப் பருவமும் எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஆட்டைத் தாக்கும் கொயோட்டியைச் சுட லைசென்ஸே தேவையில்லை, ஆனால் முயல் சத்தம் போட்டுக் கூப்பிட்டுச் சுடுவதென்றால் எடுத்துவிடுங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும்.

ஆறு வருடத்தில் பதினான்கு கொயோட்டி. தவறவிட்டவை ஐந்து, அவற்றில் மூன்று என் அவசரம். ஆனால் குட்டிகளைக் காப்பாற்றியது ரைபிள் என்று சொன்னால் கொட்டகையில் படுத்திருக்கும் இரண்டு கிரேட் பிரனீஸ் நாய்கள் கோபித்துக்கொள்ளும். 2020-இல் அவை வந்த பிறகு போனவை இரண்டே குட்டிகள். நாய்களை மதிக்காமல் வேலிக்குள் வரத் துணியும் ஒன்றிரண்டுக்குத்தான் இப்போது ரைபிள் வெளியே வருகிறது. மனைவியின் கணக்குப்படி நாய்த் தீனிச் செலவு ஸ்கோப் விலையை எப்போதோ தாண்டிவிட்டது.

போன வாரம் நாற்பதாவது குண்டுக்காகக் காகிதத்தை எடுக்கப் போனால், 2022-ஆம் வருடத் தேதிகள் இருந்த மூலையைக் காணோம். கீழே ஒரு குட்டி வாயை அசைபோட்டுக்கொண்டு நின்றது. ஆணியை இரண்டு அடி உயர்த்தி அடித்திருக்கிறேன்.