கத்திரி வெயிலில் கோடியக்கரை: ஒரு பறவைப் பயண ஏற்பாட்டின் மதிப்பீடு

சென்ற மே மாதத்து இரண்டாம் வார இறுதியில், திருப்பூரிலிருந்து இயங்கும் ஒரு சிறு பயண நிறுவனம் நடத்திய பறவை நோக்கல் பயணத்தில் சேர்ந்து கோடியக்கரைக்குச் சென்று வந்தேன். ஒருவருக்கு 7,200 ரூபாய் வாங்கினார்கள். வேன், ஓரிரவுத் தங்கல், உணவு, வழிகாட்டி, அனுமதிக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். கோவையில் ஆறு பேர், திருப்பூரில் நால்வர், காங்கேயத்தில் இருவர் என்று பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கரூர், திருச்சி, தஞ்சாவூர் வழியாக இரவெல்லாம் ஓடிய வேன், வெள்ளி முளைக்கும் நேரத்தில் வேதாரண்யத்தில் நின்றது. கத்திரி வெயிலில் யாராவது கடற்கரைக்குப் பறவை பார்க்கப் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நோட்டீசைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நிறுவனம் வாட்ஸப்பில் அனுப்பிய நோட்டீசில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் இளஞ்சிவப்புப் போர்வை போல நீரில் நிற்கும் படம் இருந்தது. அது குளிர்காலப் படம். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிலம் நிறைந்த பிறகு கூடும் கூட்டத்தை மே மாதத்தில் எதிர்பார்க்க முடியாது. அப்போது பெரும்பகுதி வற்றிப்போய், எஞ்சிய பூநாரைகள் தொலைவில் சிதறி நிற்கும். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்து எங்களோடு திருப்பூரில் ஏறிய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முதல் நாள் காலையிலேயே, "ஏனுங்க தம்பி, நோட்டீசுல இருந்த பூநாரையெல்லாம் எங்கீங்க?" என்று நிறுவனத்தின் பொறுப்பாளரைக் கேட்டுவிட்டார். அவர் சிரித்து மழுப்பினார். நாங்கள் பார்த்தவை மொத்தம் பதினேழு. அவையும் கானலில் ஆடும் வெள்ளைக் கோடுகளாகவே தெரிந்தன.

ஆனால் கோடியக்கரையின் கோடை வேறொன்றைக் காட்டும் பருவம். அதைக் காட்டத் தெரிந்தவராக உள்ளூர் வழிகாட்டி இருந்ததுதான் இப்பயணத்தின் நல்லூழ். அக்டோபரில் வந்திறங்கும் கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மார்ச், ஏப்ரலுக்குள் வடக்கே திரும்பிவிடுகின்றன. மே மாதத்தில் இங்கே இருப்பவை இரண்டு வகை: இங்கேயே முட்டையிடும் பறவைகள் ஒன்று, இனப்பெருக்க வயதை எட்டாததால் அந்த நெடும்பயணத்தை மேற்கொள்ளாமல் தங்கிவிட்ட இளம் பறவைகள் மற்றொன்று. சேற்றுத் திட்டில் தனியாக நின்ற ஒரு கோட்டானை (ஆந்தையன்று, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) காட்டி, "இது போன வருசம் பொறந்த குஞ்சா இருக்கும் சார், இந்தக் கோடைய இங்கயே கழிச்சிடும்" என்று அவர் சொன்னபோது, கூட்டத்தை எண்ணி மகிழ்ந்து பழகிய எனக்கு ஒற்றைப் பறவையை இப்படியும் பார்க்கலாம் என்று தோன்றியது.

காலை ஐந்தே முக்காலுக்கு அனுமதி பெற்ற உப்பள வரப்பொன்றின் ஓரத்தில் எங்களை நிறுத்தினார். உப்பு வாரும் பருவம் என்பதால் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும் வெண்மையில் கிடந்தன. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் இதுதான். சித்திரை வெயிலில் அந்த நடை எப்படி இருந்திருக்கும் என்பது வரப்பில் கால் மணி நேரம் நின்றதுமே விளங்கியது. அங்கேதான் அனுமன் உப்புக்கொத்தியைப் பார்த்தோம். வெண்புருவ உப்புக்கொத்தியின் ஒரு பிரிவாகவே நெடுங்காலம் கருதப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு தனி இனமாக ஏற்கப்பட்டது அது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆண்டு முழுவதும் வாழ்வது. வலசை வரும் தன் உறவினரைவிடச் சற்றே சிறியது. எங்களைக் கண்டதும் ஒரு பறவை இறக்கை ஒடிந்தது போல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடியது. "முட்டை பக்கத்துல இருக்கு, ரெண்டு எட்டுப் பின்னால வாங்க" என்று வழிகாட்டி எல்லோரையும் நகர்த்தினார்.

அதற்குப் பின் அவர் காட்டியதை இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி என்பேன். ஐம்பது மீட்டருக்கும் அப்பால் எங்களை உட்காரவைத்து, பறவை திரும்பும்வரை காத்திருக்கச் சொன்னார். அது நேரே கூட்டுக்குப் போகாமல் பாத்தியின் ஓரத்து நீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு, ஓடிவந்து, ஈர வயிற்றோடு முட்டைகளின் மீது நின்றது. அடைகாப்பது என்றால் சூடேற்றுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். கோடைக் கடற்கரையிலோ முட்டையை வேகவிடாமல் காப்பதே அடைகாத்தல். நம் கொங்கு மேட்டாங்காட்டில் ஆள்காட்டிக் குருவி செய்வதும் இதுவேதான் என்று பிறகு அறிந்தேன். நாற்பது ஆண்டுகளாகக் காட்டில் அதன் சத்தத்தைக் கேட்டிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. மஞ்சள் அலகின் நுனி மட்டும் கறுத்த சிற்றாலாக்கள் நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல்லைப் போல் விழுந்து மீனோடு எழுந்ததையும், பவளக்காலிகள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியதையும் பார்த்தோம். எட்டேகால் ஆனதும், இன்னும் பார்க்கலாம் என்ற எங்கள் கெஞ்சலைக் கேளாமல், வழிகாட்டி எழுப்பிவிட்டார். வெயில் ஏறிய பிறகு தாய்ப்பறவை சில நிமிடம் எழுந்தாலே முட்டை கெட்டுவிடக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இதே அளவுகோலால்தான் நிறுவனத்தைக் குறை சொல்கிறேன். இரண்டாம் நாள் வழிகாட்டி வேறொரு குழுவுடன் போய்விட, பொறுப்பாளர் தாமே எங்களை அழைத்துச் சென்றார். பெரிய லென்சோடு வந்திருந்த பயணி ஒருவர் வரப்பில் இறங்கிக் கூட்டருகே படுத்துக்கொண்டார். காலை ஒன்பதரை மணி. ஆலாக்கள் அவர் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தின. பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார்; ஆசிரியைதான் சத்தம் போட்டு அவரை எழுப்பினார். பணம் கொடுத்தவரை மனம் நோகச் செய்யக் கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம். கோடையில் கூட்டிச் செல்பவருக்கு அந்தத் தாட்சண்யம் ஆகாது.

வாடகைக்குக் கொடுத்த பைனாகுலர்கள் பழையவை. எனக்கு வந்ததில் உள்ளே பூஞ்சை படிந்திருந்தது. சொந்தமாக வைத்திருப்பவர்கள் 8x42 அளவையே (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முகப்பு லென்சு) கொண்டு செல்லலாம். உப்பளத்தில் கானல் எழுந்துவிட்டால் பெருக்கம் கூடக்கூடக் கானலும் சேர்ந்தே பெருகும். நிறுவனம் பெருமையாக நிறுத்திய 60 மடங்கு ஸ்கோப்பில் காலை எட்டு மணிக்கு மேல் பார்த்ததெல்லாம் கொதிக்கும் பால் போலத்தான் இருந்தது. தங்குமிடம் தூய்மையானது. உணவில் மீன் குழம்பு அருமை என்றார்கள்; சைவம் கேட்ட ஐவருக்கு இரண்டு வேளையும் தயிர்ச்சோறும் ஊறுகாயும்தான் கிடைத்தன. குடிநீர் மட்டும் தாராளம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த நமக்கு அந்தக் கரையின் புழுக்கம் பழகாதது. நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்றரைவரை அறையிலேயே வைத்திருந்த திட்டம் சரியானது. மாலையில் காட்டுப் புல்வெளியில் வெளிமான்களைக் காட்டினார்கள்.

பறவை பார்க்க நம் ஊர்க் குளங்களே போதாதா என்று கேட்பவர்களுக்கு: ஈரோட்டருகே வெள்ளோடு 2022-இலும் திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024-இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, கோடியக்கரை 2002-இலேயே சேர்ந்து இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் இடமாக இருந்தது. நம் குளங்களில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கண்குளிரக் கிடைக்கும். உப்புத் தரையில் முட்டையிடும் ஆலாவைக் காணக் கடலுக்குத்தான் போக வேண்டும். அதற்கு 7,200 ரூபாய் மிகையன்று. ஆனால் இரண்டு நாளும் அந்த வழிகாட்டியே வருவாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

திரும்பும் வழியில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். ஐந்துக்கு மூன்று போட்டு, நோட்டீசில் பூநாரைக்குப் பதிலாக ஆலாவின் படத்தைப் போடச் சொல்லி எழுதினேன். பொறுப்பாளர் அதை வாசித்துத் தலையாட்டினார். நான்கு நாள் கழித்து ஜூன் மாதப் பயணத்தின் நோட்டீசு வந்தது. அதே பூநாரைதான்.