மாற்று இதயத்தோடு வெயிலில் நிற்பவனின் சன்ஸ்கிரீன்

எனக்கு மாற்று இதயம் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலை, பாதி நாள் மைதானத்தில்தான். போன ஆவணியில் கீழுதட்டில் வந்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றார்கள். அதை அகற்றிய கையோடு தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் இந்த கிரீம். துத்தநாக ஆக்சைடு, எஸ்பிஎஃப் 50, பிஏ++++ (இரண்டும் வெயிலின் புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு). 50 கிராம் டியூப் 480 ரூபாய்.

புது இதயத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாக்கிவிடக் கூடாது என்று, மாற்று இதயம் வைத்த நாம் அதை அடக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் மாத்திரைகளைச் சாப்பிடுகிறோம். கெட்டுப்போன செல்லைத் தேடி அழிப்பதும் அதே எதிர்ப்புச் சக்திதான். அதைக் கட்டிப்போடுவதால் தோல் புற்றும் நிணநீர்ப் புற்றும் நமக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயமே போய்விடும். எனக்கு டாக்டரே பார்த்து எவரோலிமஸ் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரியில் வெளிச்சாப்பாடு வரை எச்சரித்தார்கள். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

சரி, கிரீமுக்கு வருகிறேன். கெட்டியாக இருக்கும். நம் நிறத்துக்குத் திருநீறு பூசினதுபோல வெள்ளை படியும், பத்து நிமிஷத்தில் கொஞ்சம் அடங்கும். வியர்வையோடு வழிந்தாலும் கண் எரியவில்லை. முன்பு வாங்கியது எரிந்தது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகம், கழுத்து, காது மூன்றுக்கும் போதும். பட்டாணி அளவு தடவினால் டியூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். உதட்டில் இது நிற்பதில்லை. அதற்கு எஸ்பிஎஃப் உள்ள லிப் பாம் தனியாக வாங்கினேன்.

"கறுத்த தோலுக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று அக்கா கேட்டாள். டாக்டரிடம் கேட்டேன். வெள்ளைக்காரர்களைவிட நமக்கு ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை என்றார். நம் தோலில் வெயில் படாத இடத்திலும் வருமாம், தொடையிடுக்கு மாதிரி. அங்கே இந்த கிரீமுக்கு வேலையே இல்லை. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கக் காட்டுகிறேன். முதல் தடவை கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை.

கைக்கும் பூசியபோது ஒரு டியூப் ஒரு வாரம்கூட வரவில்லை. முழுக்கைச் சட்டைக்கும் அகல விளிம்புத் தொப்பிக்கும் மாறிய பிறகு பன்னிரண்டு நாள் வருகிறது.