13 பல் முன் ஸ்பிராக்கெட்: கம்பம்–குமுளி ஏற்றத்துக்குச் சரி, சமவெளிக்கு வேண்டாம்

லோயர் கேம்ப் தாண்டி குமுளிக்கு மூட்டையோடு தினமும் ஏறும் 100, 125 சிசி வண்டிக்கு, இன்ஜின் பக்கம் செயினை இழுக்கும் இந்தச் சிறு பல்சக்கரம் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள். கம்பம்–தேனி சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு வீண்.

முன் 14, பின் 42 பல் உள்ள வண்டியில் விகிதம் (பின் பல்லை முன் பல்லால் வகுத்தது) 3.00. முன்னால் ஒரு பல் குறைத்தால் 3.23, இழுவை 7.7 சதவீதம் கூடும். பின்னால் 45 போட்டாலும் 3.21 தான் வரும், அதற்குப் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், செயினும் எட்டாமல் போகலாம். அதனால் முன்பக்கம் மாற்றுவதே லாபம். ஆனால் 60 கிமீ வேகத்தில் ஓடிய அதே இன்ஜின் சுற்றில் இனி 56 தான் கிடைக்கும். நேர்ச்சாலையில் இரைச்சல் கூடும். கியர்பாக்ஸிலிருந்து வேகம் எடுக்கும் மீட்டர் என்றால், உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

பழையதைக் கையோடு கொண்டுபோய், புதியதன்மேல் வைத்து உள்பள்ளங்களும் பல்லின் தடிமனும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 420, 428 என்ற இரண்டு செயின் அளவுக்கும் பிட்ச், அதாவது கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரம், 12.7 மிமீதான். உள் அகலம் மட்டும் 6.35, 7.94. அதனால் 420 ஸ்பிராக்கெட் 428 செயினில் சரியாக உட்கார்ந்ததுபோலத் தெரியும். ஓடும்போது பக்கவாட்டில் ஆடி இரண்டையும் தின்றுவிடும். 428எச் என்பது தட்டு தடித்த செயின், 428 பல்லிலேயே உட்காரும்.

செயினைக் கழற்றும் முன்பே வண்டியைக் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க, முன் போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். செயின் போனபின் ஷாஃப்ட் சுற்றும், போல்ட் அசையாது.

பழைய செயினே போதுமென்றால் சக்கரம் சுமார் 3 மிமீ பின்னுக்குப் போகும். செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் ஏற்கெனவே கடைசிக் கோட்டில் நின்றால் செயின் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இழுத்துப் பிடித்து 20 கண்ணியை அளந்தால் புதிதில் 254 மிமீ. 259 தொட்டால் செயின், முன், பின் ஸ்பிராக்கெட் சேர்ந்த முழு கிட்டே மாற்றுங்கள். நீண்ட செயின் புதுப் பல்லின் நுனியில் ஏறி, அதைக் கொக்கிபோல வளைத்துவிடும். கோவை எல்ஜிபியின் ரோலான், சென்னை டிஐயின் டைமண்ட் கிட்டுகள் இந்தப் பக்கம் கிடைக்கின்றன.

சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுகும் இடத்தில் தொய்வை அளக்க வேண்டும். பல சிறு வண்டிகளுக்கு 20–30 மிமீ. உங்கள் வண்டியின் கையேட்டு அளவே இறுதி. மூட்டை ஏற்றும்போது செயின் இன்னும் இறுகும். வெறும் வண்டியில் விறைப்பாக வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடிவாங்கும். செயினின் இணைப்புக் கண்ணியைப் பூட்டும் லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். முன் ஸ்பிராக்கெட் சிறிதானால் செயின், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ரப்பரை நெருங்கி உரசும். சேறு ஒட்டும் ஜூன், ஜூலையில் மண்ணெண்ணெய்யில் பிரஷ் போட்டுக் கழுவி, காய்ந்தபின் 90 கியர் ஆயில் விடும்போது, அந்த ரப்பரில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.